நாலு இயக்கம், ஒரு பானை

என் அன்புக்கும் என் பயத்துக்கும் உரிய யோகன் அண்ணைக்கு,

ஓகூஸ் நகரத்துச் சேமக்காலையில் உங்களை அடக்கம் பண்ணிவிட்டு வந்து இருபத்திரண்டு நாளாகிறது. அன்று காற்று அடித்த அடியில் பாதர் வாசித்த செபம் பாதி எங்களுக்குக் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்டதா? என் மகள் தன் குடையை மடக்கிவிட்டு நனைந்துகொண்டே நின்றாள். உங்களைப் பெரியப்பா என்று கூப்பிட்டு வளர்ந்தவள் அல்லவா.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு மண்டபத்தில் சாப்பாடு. வருகிறவர்கள் கையில் கொடுக்க வழக்கம்போல் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அடிக்கிறோம். அட்டையில் உங்கள் படம், உள்ளே நாலைந்து பேர் எழுதும் புகழுரை. முதல் பக்கங்கள் எனக்கு என்று முடிவாகியிருக்கிறது. "யோகன் அண்ணையைப் பற்றி உங்களை விட ஆருக்குத் தெரியும்?" என்றார்கள். ஓம், எனக்குத்தான் தெரியும். சிக்கலே அதுதான்.

புகழுரைதான் எழுத உட்கார்ந்தேன். மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். இது நாலாவது. வதனி வாசித்துப் பார்த்த பிறகே இது அச்சுக்குப் போகும் என்பது அவளுடைய உத்தரவு. என் மனைவி உத்தரவு போட்டு நீங்கள் பார்த்ததில்லை. நானும் இப்போதுதான் பார்க்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன் அண்ணை. இந்தக் கல்வெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கப்போகிறவர்களில் பாதிப் பேர் உங்களைப் பற்றி ஒரு கதையை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். யோகன் எழுதிக்கொடுத்த துண்டால்தான் வதனியின் தம்பி ரூபன் பிடிபட்டுக் காணாமல் போனான் என்ற கதை. நீங்களும் அதை நம்பித்தான் செத்தீர்கள். அது பொய். பொய் என்று எனக்கு முப்பது வருடத்துக்கு மேலாகத் தெரியும்.

இங்கே பிறந்த பிள்ளைகளும் இதை யாரிடமாவது வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். என்னைப் பொறுத்துக்கொள்வது உங்களுக்குப் புதிதல்ல.

விபோர்க்குக்கு வெளியே இருந்த அந்த அகதி முகாமில்தான் உங்களை முதலில் கண்டேன். ஊரில் ஆயுதம் ஏந்திய இயக்கங்கள் எல்லாம் அரசாங்கத்தை எதிர்த்து நின்ற காலத்தில், எல்லா இயக்கத்துக்காரரும் ஒரே சுவரில் ஒரே பசையால் நோட்டீஸ் ஒட்டியவர்கள். பிறகு பெரிய இயக்கம் மற்ற இயக்கங்களை ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கியது. உங்கள் இயக்கம் அடிவாங்கியபோது நீங்கள் மன்னாரில் வள்ளம் ஏறித் தப்பி, எத்தனையோ விமான நிலையங்களில் படுத்தெழும்பி இங்கே வந்தீர்கள். நான் எந்த இயக்கத்திலும் இல்லாதவன். கல்யாணமாகி நாலு மாதத்தில், ஆமியின் சுற்றிவளைப்புக்குப் பயந்து வதனியை விட்டுவிட்டு ஓடி வந்தவன்.

முகாமில் எங்கள் அறைக்கு நாலு பேர், நாலு பேரும் நாலு பக்கம். பெரிய இயக்கத்துக்காரர் ஒருவர், நீங்கள், மூன்றாவது இயக்கத்துக்காரர் ஒருவர், பிறகு நான். மூன்றாவது இயக்கத்தையும் பெரிய இயக்கம் அடித்துவிட்டதாகச் செய்தி வந்த மத்தியானத்தை மறந்திருக்கமாட்டீர்கள். அதுவரை ஒன்றாகச் சமைத்தவர்கள் அன்று தனித்தனிப் பானை ஏற்றினோம்.

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த பெரிய இயக்கத்துக்காரர் கத்தியைக் கீழே வைக்கவில்லை. எதிரில் நின்ற மூன்றாவது இயக்கத்துக்காரர் கொதிதண்ணீர்ப் பானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குக் கதவு எத்தனை அடி தூரம் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. நீங்கள் அரிசிப் பையோடு அவர்கள் இருவருக்கும் நடுவில் போய் நின்றீர்கள்.

"வெட்டுறதெண்டால் முதல் அந்த வெங்காயத்தை வெட்டி முடியும் ஐசே. பசிக்குது" என்றீர்கள்.

பிறகு நாலு பேருடைய அரிசியையும் பெரிய பானைக்குள் கொட்டிவிட்டு, "இனி இஞ்ச ஒரு பானைதான். வேண்டாமெண்டுறவர் பாணும் பட்டரும் தின்னலாம். டெனிஷ்காரன் அதைத்தானே தின்னுறான்" என்றீர்கள். கொதிதண்ணீர்ப் பானை அடுப்புக்குத் திரும்பிப் போனது. அன்று சோறு குழைந்து களியாகிவிட்டது. நாலு பேரும் சாப்பிட்டோம்.

அந்த மார்கழியில் முகாமில் வேலை செய்த டெனிஷ்காரப் பெண் எங்களை ஒரு படம் எடுத்தாள். நடுவில் நீங்கள் அகப்பையோடு, உங்கள் கை என் தோளில். இரண்டு பிரதி தந்தாள். ஒன்று உங்களுக்கு, மற்றது வதனிக்கு.

எங்கள் வீட்டுப் பழக்கம் உங்களுக்குத் தெரியும், படத்துக்குப் பின்னால் பெயர் எழுதாமல் விடமாட்டோம். இடமிருந்து வலமாக எல்லார் பெயரையும் எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் பகிடி விட்டு ஆட்களைச் சிரிக்க வைக்காவிட்டால் அடங்காதே. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் அவரவர் இயக்கத்தின் பெயரை எழுதினேன். என் பெயருக்குப் பக்கத்தில் 'சாப்பாட்டு இயக்கம்' என்று எழுதினேன். அடியில் கோடு போட்டு, 'நாலு இயக்கம், ஒரு பானை' என்று எழுதி, கொழும்புக்குப் போன ஒருவர் கையில் கொடுத்துவிட்டேன். பின்பக்கத்தை உங்களுக்குக் காட்டவில்லை. வதனி சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரித்தும் இருக்கிறாள்.

பிறகு காத்திருந்தோம். எனக்கு அகதி அந்தஸ்து கிடைத்தது, விபோர்க்கில் ஒரு இறைச்சித் தொழிற்சாலையில் வேலையும் கிடைத்தது. மனைவியைக் கூப்பிடச் சட்டத்தில் உரிமை இருந்தது. விண்ணப்பம் போட்டேன். பதில் இல்லை. படிவத்தில் எங்கோ பிழை விட்டுவிட்டோம் என்று நினைத்து, உங்களைப் பக்கத்தில் இருத்தித் திரும்பவும் நிரப்பினேன், பிறகு இன்னொரு தரமும். எங்கள் ஆட்களின் கோப்புகளைத் தொடாமல் வைத்திருக்கும்படி டெனிஷ் அமைச்சின் மேலிடத்திலேயே சொல்லியிருந்தார்கள் என்பது அப்போது எங்களுக்கு எப்படித் தெரியும்? 'தமிழர் விவகாரம்' என்று பேப்பர்கள் எழுதியதெல்லாம் பிறகு.

அதற்குள் ஊரில் காற்று திரும்பியிருந்தது. அமைதி காக்க என்று வந்த பக்கத்து நாட்டுப் படை பெரிய இயக்கத்தோடு போரில் இறங்கியது. முன்பு அடிபட்டு ஓடிய உங்கள் ஆட்கள் அந்தப் படையோடு சேர்ந்து திரும்பி வந்து, வீதிகளில் சென்ட்ரி போட்டு, போகிற வருகிறவர்களைச் சோதித்துக்கொண்டு நின்றார்கள். வதனி கடவுச்சீட்டு எடுக்கவும் பத்திரங்கள் கொடுக்கவும் கொழும்புக்குப் போக வேண்டும். அடையாள அட்டை மட்டும் போதாது. சென்ட்ரியில் நிற்கிறவர்களுக்கு வேண்டப்பட்ட யாராவது எழுதிக்கொடுத்த நாலு வரி வேண்டும். அதைத்தான் துண்டு என்போம்.

நான் கேட்க முதலே நீங்கள் கொப்பித்தாளைக் கிழித்தீர்கள். "இவ என்ர தம்பியின்ர மனுசி. சுகமாய்ப் போக விடு" என்று உங்கள் பழைய தோழருக்கு எழுதி, இயக்கத்தில் உங்களுக்கு இருந்த பெயரைக் கையெழுத்தாகப் போட்டீர்கள். அந்தப் பெயரை இனிப் பாவிப்பதில்லை என்று முகாமில் எனக்குச் சொன்னவர் நீங்கள். எனக்காகப் பாவித்தீர்கள்.

துண்டு வேலை செய்தது. சென்ட்ரியில் வதனிக்குக் கதிரை போட்டு இருத்தி, சோடாவும் வாங்கிக்கொடுத்து அனுப்பினார்களாம். கொழும்பில் பத்திரங்களைக் கொடுத்துவிட்டு அவள் ஊருக்குத் திரும்பினாள். கோப்பு இங்கே தூங்கியது.

ஒரு வருடத்துக்கு மேல் போனது. அந்தப் படை மூட்டை கட்டத் தொடங்கியது. பெரிய இயக்கமும், அது அவ்வளவு காலமும் எதிர்த்த அரசாங்கமும் கைகுலுக்கிக்கொண்டன. உங்கள் ஆட்கள் திரும்பவும் வேட்டையாடப்படுகிறவர்கள் ஆனார்கள். நீங்கள் பேப்பரை மேசையில் போட்டுவிட்டு, "நேற்று மச்சான், இண்டைக்குத் துரோகி. இனிப் பேப்பரிலை முதல் திகதியைப் பார்த்திட்டுத்தான் செய்தியை வாசிக்கவேணும்" என்றீர்கள். பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் எழும்பிவிட்டீர்கள்.

"தம்பி, துண்டு! அவ அதை வைச்சிருக்கிறாவோ?"

"தெரியாதண்ணை."

"இப்பவே எழுது. எரிக்கச் சொல்லு. இப்பவே."

எழுதினேன். தபால் கந்தோர் வரை நீங்களே கூட வந்தீர்கள். அது போய்ச் சேருமா, யார் உடைத்துப் படிப்பார்கள், ஒன்றும் தெரியாது. அன்று முழுக்க நான் துண்டைப் பற்றித்தான் நினைத்தேன். படத்தின் பின்பக்கம் என் நினைவில் வரவேயில்லை. ஒரு தரமாவது வந்திருக்கக் கூடாதா?

அடுத்த இளவேனிலில் கொழும்பில் நேர்முகத்துக்கு வரச் சொல்லி வதனிக்குக் கடிதம் போனது. கல்யாணம் உண்மையானது என்று காட்ட, கணவன் எழுதிய கடிதங்களும் அனுப்பிய படங்களும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ரூபன் கூடப் போனான். இருபத்து மூன்று வயது, டியூட்டரியில் கணக்குப் படிப்பித்தவன், எந்த இயக்கத்தின் கூட்டத்துக்கும் போகாதவன். அக்காவைத் தனியே விடமாட்டேன் என்று பஸ் ஏறினான்.

மூன்றாம் நாள் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. நீங்கள் என் பக்கத்தில்தான் நின்றீர்கள். "வதனி வந்து சேர்ந்திட்டாள். ரூபனை வழியிலை இறக்கிப்போட்டினம்" என்றார் வதனியின் சித்தப்பா. நான் அதைத் திருப்பிச் சொன்னபோது நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தீர்கள்.

அதற்குப் பிறகு கொழும்பில் கேட்டார்கள், ஊரில் கேட்டார்கள், பெரிய இயக்கத்தின் கந்தோர் வாசலில் என் மாமி, வதனியின் தாய், கிழமைக்கணக்காக நின்றார். "விசாரணை முடிய விடுவம்" என்றார்கள். சில மாதத்தில் அந்தக் கைகுலுக்கலும் முடிந்து, அரசாங்கத்தோடு திரும்பப் போர் தொடங்கியது. கந்தோர் இருந்த இடத்தில் குண்டு விழுந்தது. கேட்பதற்கு ஆளே இல்லாமல் போனது.

போர் தொடங்க முதலே வதனி இங்கே வந்து சேர்ந்துவிட்டாள். வந்த முதல் ஞாயிறு, உருளைக்கிழங்கு சீவிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். துண்டு அவளிடம் இருக்கவேயில்லை அண்ணை. உங்கள் ஆட்கள் வீதியை விட்டுப் போன அன்றே, என் கடிதம் போக முதலே, அவள் அதை அடுப்பில் போட்டுவிட்டாள். பெரிய இயக்கத்தின் சென்ட்ரியில் அகப்பட்டது படம்.

கடிதக் கட்டை அவிழ்த்த பெண் படத்தைத் திருப்பிப் பார்த்தாளாம். வாசித்துவிட்டுச் சிரித்தாளாம். சிரித்துக்கொண்டே பக்கத்தில் நின்றவனிடம் நீட்டினாளாம். அவனும் சிரித்தானாம். பிறகு ஒரு பெயரில் விரலை வைத்து, "இந்த யோகன் உங்களுக்கு என்ன முறை?" என்று கேட்டானாம். சிரிப்பு அதோடு நின்றது.

வதனி வாயைத் திறக்க முதல் ரூபன் முன்னுக்கு வந்திருக்கிறான். "அக்காவுக்கு ஒண்டும் தெரியாது. அது எனக்கு வந்த படம். நான்தான் அந்தக் கட்டுக்குள்ளை வைச்சனான்" என்றிருக்கிறான். உங்களை அவன் கண்டதே இல்லை. அவனை மட்டும் இறக்கினார்கள். தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவள் கையில் வைத்து, "நேர்முகம் பத்து மணிக்கு. பிந்திப் போயிடாதை" என்றானாம். பஸ் புறப்பட்டது.

"பின்பக்கம் நீங்கள் எழுதினது நல்ல பகிடி. அவையளும் சிரிச்சவை" என்று சொல்லிவிட்டு வதனி அடுத்த கிழங்கை எடுத்தாள். பிறகு, "தெரிஞ்சு எழுதேல்லைத்தானே. இனி இதைக் கதைக்கவேண்டாம்" என்றாள். அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று அன்று எனக்கு விளங்கியது. அந்த மன்னிப்பைத் தூக்கிக்கொண்டு நேரே உங்களிடம் ஓடி வந்திருக்க வேண்டும்.

நீங்கள்தான் வந்தீர்கள். அடுத்த சனிக்கிழமை, வதனிக்கு ஒரு குளிர்க்கோட்டோடு. உள்ளே வர மாட்டேன் என்று படிக்கட்டிலேயே நின்றீர்கள். கோட்டை என்னிடம் நீட்டினீர்கள்.

"துண்டோ?" என்று கேட்டீர்கள்.

ஒரே ஒரு சொல். "இல்லை" என்று நானும் ஒரு சொல் சொன்னால் முடிந்திருக்கும். இல்லை என்றால், அடுத்ததாக "அப்ப என்ன?" என்று கேட்பீர்கள். அதற்குப் பதில் நான். குனிந்து என் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேல்மாடியில் யாரோ கதவு பூட்டுகிற சத்தம் கேட்டது.

"சரி. சொல்லவேண்டாம்" என்றீர்கள். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனீர்கள். எத்தனை படி என்று எனக்கு இன்றைக்கும் தெரியும். பதினெட்டு. பதினெட்டுப் படிக்கும் எனக்கு நேரம் இருந்தது.

அதற்குப் பிறகு நீங்கள் விபோர்க்கில் இருக்கவில்லை. ஓகூஸுக்குப் போய் வைத்தியசாலையில் துப்புரவு வேலை எடுத்தீர்கள். வருடா வருடம் ரூபன் இறக்கப்பட்ட நாளில் அவன் பெயருக்குப் பூசை ஒப்புக்கொடுத்தீர்கள். கோயிலுக்குப் போகிற சைவப் பெண் வதனி, அந்த ஒரு நாள் உங்களோடு மாதா சுருவத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினாள். "ஆரெண்டு தெரியாத பிள்ளைக்கு இவ்வளவு செய்யிறார்" என்று என்னிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பாள். நான் காரை எடுக்கிற சாட்டில் வெளியே போய்விடுவேன்.

அதற்குப் பிறகு யாருக்கும் நீங்கள் ஒரு வரி எழுதிக்கொடுத்ததில்லை. கொம்யூன் என்கிற நகரசபையில் படிவம் நிரப்பக் கூடப் போவீர்கள், வாயால் சொல்லிக்கொடுப்பீர்கள், பேனையை மட்டும் தொடமாட்டீர்கள். உங்களுக்குக் கல்யாணம் பேசி வந்தபோது, "என்ர கையெழுத்து ஒரு வீட்டை அழிச்சது. இன்னொரு வீட்டுக்கு வேண்டாம்" என்றீர்கள். என்னிடம்தான் சொன்னீர்கள். என் மகளின் கல்யாணப் பதிவில் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லி அவள் டெனிஷில் கெஞ்சியபோதும், கண்ணாடி கொண்டுவரவில்லை என்று பொய் சொன்னீர்கள். கண்ணாடி உங்கள் சட்டைப் பையில் இருந்தது. நான் பார்த்தேன்.

ஊர்க்கதை வேறு. தொழிற்சாலைக்குப் போகிற வான் வண்டியில் ஒருவர், "யோகன் குடுத்த துண்டாலையாமே பெடியன் போனது?" என்று கேட்டார். நான் பெருமூச்சு விட்டேன். அவ்வளவுதான். அந்தப் பெருமூச்சு ஓகூஸ் போய், கோப்பன்ஹேகன் போய், ஒன்றுகூடல்களில் உங்கள் பக்கத்துக் கதிரையை வெறுமையாக்கியது. எங்கள் சனம் எல்லா இடத்திலும் கதைக்கும், சம்பந்தப்பட்டவள் முன்னால் மட்டும் கதைக்காது. வதனியின் காதுக்கு அது வரவேயில்லை.

தமிழர் விவகாரத்தால் அரசாங்கமே பதவி விலகிய அன்று தொழிற்சாலையில் ஒரு டெனிஷ்காரர் என்னிடம் வந்து, தனக்கு வெட்கமாக இருக்கிறது என்று சொல்லிக் கை தந்தார். நான் உங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். "கோப்பு நேரத்துக்குப் போயிருந்தால் அவள் இரண்டாந்தரம் பஸ் ஏறியிருக்கத் தேவையில்லை அண்ணை" என்றேன்.

"அரசாங்கம் விழுந்திட்டுது, சரி. துண்டு எழுதினவன் இஞ்ச நிக்கிறான்தானே" என்றீர்கள்.

அன்றும் சொல்லவில்லை. பழி போட எனக்கு ஒரு அமைச்சே கிடைத்திருந்தது. அப்படியிருந்தும் உங்கள் தலையிலிருந்து அதை இறக்க மனம் வரவில்லை. நீங்கள் சுமந்துகொண்டு நிற்பது எனக்குப் பழகிவிட்டது. வெட்கத்தோடு எழுதுகிறேன்.

இப்போது, நீங்கள் போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

போன கிழமை உங்கள் வீட்டைத் துப்புரவாக்கப் போனோம். மகளிடம்தான் உங்கள் கதவுத் திறப்பு இருந்தது. நான் புத்தகங்களைப் பெட்டிக்குள் அடுக்கினேன், வதனி குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றாள். மகள் உங்கள் பைபிளுக்குள்ளிருந்து ஒரு கடித உறையை எடுத்தாள். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. "அம்மா, இதிலை என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டுக்கொண்டே குசினிக்குள் போனாள். உறையின் மேல் என்ன இருந்தது என்று எனக்குத் தூரத்திலேயே தெரிந்தது. 'வதனி தங்கச்சிக்கு.' ஒரு வரியும் எழுதாத மனிசன் ஒரு பக்கம் முழுக்க எழுதி வைத்திருந்தீர்கள்.

பறித்துவிடலாமா என்று யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன் அண்ணை. என் கையில் உங்கள் செபப் புத்தகம் இருந்தது. மகளுக்காக வதனி சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள்.

"தங்கச்சி, நான் எழுதின துண்டாலைதான் உங்கட தம்பி போனவர். உங்கட முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவு வரேல்லை. உங்கட சீலனுக்கு இது தெரியும். தெரிஞ்சும் உங்களிட்டைச் சொல்லாமல் என்ர மானத்தைக் காப்பாத்தினவன். அவனைப் போல ஒரு தம்பி கிடைக்க நான் என்ன புண்ணியம் செய்தனோ தெரியாது."

வதனி அதற்கு மேல் வாசிக்கவில்லை. குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மகள்தான் அதைப் பூட்டினாள்.

"இவர் ஏன் என்னட்டை மன்னிப்புக் கேக்கிறார்?" என்று வதனி என்னிடம் கேட்டாள். "துண்டை நான் எரிச்சது உங்களுக்குத் தெரியும்தானே. இவருக்கு நீங்கள் சொல்லேல்லையோ?"

திரும்பவும் என் சப்பாத்தைப் பார்த்தேன். இந்த முறை, உங்களைப் போல் அவள் படியிறங்கிப் போகவில்லை. நான் நிமிரும் வரை நின்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். படிக்கட்டு, வான், பெருமூச்சு, எல்லாம். மகளுக்குப் பாதி விளங்கியது. விளங்கிய பாதியிலேயே அவள் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

வதனி அழவில்லை, கத்தவில்லை. கடிதத்தை மடித்துத் தன் பைக்குள் வைத்தாள். "ரூபனுக்கு நீங்கள் செய்தது தெரியாமல் செய்தது. யோகன் அண்ணைக்குச் செய்தது தெரிஞ்சு செய்தது" என்றாள். பிறகு, "கல்வெட்டிலை எழுதுங்கோ. எல்லாரும் சோத்துக்கு வரிசையிலை நிண்டு வாசிக்கட்டும்" என்றாள். அதற்குப் பிறகு இன்றோடு ஆறு நாள், அவள் எனக்குச் சாப்பாடு போடுகிறாள், பேசுவதில்லை.

அவள் பேசுவாளா என்று தெரியாது. மகள் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவாளா, தெரியாது. மண்டபத்தில் இதை வாசித்துவிட்டு என் பக்கத்துக் கதிரையில் யாராவது இருப்பார்களா? இருக்காவிட்டால் அது நியாயம். அப்படியொரு வெறுங்கதிரைக்குப் பக்கத்தில் நீங்கள் முப்பது வருடம் இருந்து பார்த்திருக்கிறீர்கள்.

உங்கள் பைபிளின் கடைசித் தாள்களுக்குள் அந்தப் படத்தின் மற்றப் பிரதியும் இருந்தது. பின்பக்கம் வெறுமை. இத்தனை வருடம் அதில் ஒரு எழுத்தும் எழுதாமல் வைத்திருக்கிறீர்கள். கல்வெட்டின் அட்டைக்கு அதிலிருந்துதான் உங்கள் உருவத்தை எடுத்திருக்கிறோம். ஒரு கை அகப்பையோடு இருக்கிறது, மற்றக் கை என் தோளில். என்னை வெட்டிவிடச் சொன்னேன். வதனி விடவில்லை. "அவரின்ர கை எங்க இருந்ததெண்டு சனம் பார்க்கட்டும்" என்று அச்சகத்துக்காரரிடம் தொலைபேசியில் சொன்னாள்.

ஒரு வாக்குத் தருகிறேன், என் வாக்கை நம்ப உங்களுக்கு ஒரு காரணமும் இல்லாவிட்டாலும். ரூபனின் பூசையை இனி நான் ஒப்புக்கொடுப்பேன். காரை எடுக்க வெளியே போகமாட்டேன். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும், பீடத்துக்கு முன்னால் நின்று இதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை என் வாயால் வாசிப்பேன். யார் கேட்டாலும், எந்த வீட்டில் கேட்டாலும், துண்டு எரிந்துபோனது, படத்தின் பின்னால் எழுதியவன் நான் என்று சொல்வேன். அடியில் என் கையெழுத்தைப் போடுகிறேன். நீங்கள் போட மறுத்ததற்கு எல்லாம் சேர்த்து.

அந்தத் துண்டில் நீங்கள் தம்பி என்று எழுதிய,
சீலன்
விபோர்க்